செல்வராஜ் பிழைத்தான், நீ பத்திரம்

கடலூர்
ஐப்பசி, ஓயாத மழை

அன்புள்ள கணேசா,

இங்கே நலம். நீ, வசந்தி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? என் முட்டி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்காதே. கெடிலத்தில் தண்ணீர் வந்துவிட்டது. மஞ்சக்குப்பம் மைதானம் இப்போது தவளைகள் வசம். கூட்டம் போட இடம் இல்லாமல் கட்சிக்காரர்கள் தவிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் செல்வராஜ் காளான் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தான். பதறாதே, நன்றாக இருக்கிறான். மறுநாளே கஞ்சி வேண்டாம், இட்லி கொடு என்று பார்வதியோடு சண்டை போட்டான். ஆனால் இந்த வழக்கில் முதல் குற்றவாளி நீ. மே மாதம் முழுவதும் தேன்கூடு போலக் குழி விழுந்த அந்த மோரல் காளானைக் கூடை கூடையாகப் படம் போட்டு எங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது நீதானே? அமெரிக்காவில் உங்கள் மிச்சிகன் மாநிலத்துப் பாய்ன் சிட்டி காளான் திருவிழாவில் தொப்பி வைத்துக்கொண்டு நின்ற படம் வேறு. அன்றிலிருந்தே அவனுக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் அவன் மகள் வீட்டுப் புல்தரையில் வெள்ளை வெளேரென்று குடை விரித்திருக்கிறது. தட்டு அகலம், மேலே பழுப்புச் செதில். "கணேசன் காடு காடாக அலைகிறான், எனக்கு வாசலிலேயே முளைத்திருக்கிறது" என்று பறித்து வந்துவிட்டான். சும்மா சமைத்துவிடவில்லை, சோதனை எல்லாம் செய்திருக்கிறான்! கொதிக்கும் சட்டியில் பேரனின் வெள்ளி அரைஞாண் கொடியைக் கழற்றிப் போட்டிருக்கிறான். கறுக்கவில்லையாம். மஞ்சள் தூவிப் பார்த்தானாம், நிறம் மாறவில்லையாம். பிறகென்ன, தோசையோடு வெளுத்துக்கட்டியிருக்கிறான். பார்வதி கந்த சஷ்டி விரதம் இருந்ததால் தப்பித்தாள். முருகன் யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவளைக் காப்பாற்றிவிட்டான்.

இரண்டு மணி நேரத்துக்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. சீக்கிரம் வாந்தி வந்ததே ஒருவகையில் நல்லது, ஆளைக் கொல்லும் வகை பெரும்பாலும் தாமதமாகத்தான் காட்டும் என்றார் மருத்துவர். பல வகையைக் கலந்து தின்றிருந்தால் அதையும் நம்ப முடியாது, மிச்சம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று என்னை விரட்டினார். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு குடைகள் இருந்தன. ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓய்வு பெற்ற உயிரியல் வாத்தியாருக்கு வேறு என்ன வேலை? காம்பை ஒட்ட அறுத்து, குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு பாத்திரத்தை மூடி வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் தாளில் நடுவிலிருந்து விளிம்பு வரை மெல்லிய கோடுகள், மங்கிய பச்சை நிறத்தில். விரலால் தொட்டால் மாவாக ஒட்டுகிறது. பச்சை வித்துத் தூள் உதிர்க்கும் குடைக்காளான் ஒன்று உண்டு, குளோரோஃபில்லம் மாலிப்டைட்டீஸ் என்று பெயர். வெப்ப நாடுகளில் புல்தரைதான் அதற்கு வீடு. ஆளைக் கொல்வது அபூர்வம், ஆனால் வயிற்றைக் கலக்கி எடுத்துவிடும். அந்தத் தாளைச் செல்வராஜின் கட்டிலுக்கு எதிரே ஒட்டி வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளி கறுக்கும், அரிசி சிவக்கும், பூச்சி கடித்த காளான் நல்லது என்பதெல்லாம் சுத்தப் பொய். காளான் நஞ்சுக்கு வெள்ளியோடு ஒரு தகராறும் கிடையாது. என் வகுப்பில் இதை நான் எத்தனை வருடம் கத்தியிருப்பேன்! செல்வராஜின் பையனே என்னிடம் படித்தவன்தான்.

உன் மோரல் பொட்டலம் பாபு மூலம் வந்து சேர்ந்தது. நீ எழுதியபடி வெந்நீரில் ஊறவைத்தோம். அறை முழுக்கப் புகையும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை. வெண்ணெயில் வதக்கச் சொன்னாய், சரசு அதைக் காதில் வாங்கவில்லை. சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டு வறுவலாக்கிவிட்டாள். குழி குழியாக, உள்ளே கூடாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "இது ஆட்டுக் குடல்தான், உங்கள் சிநேகிதர் காளான் என்று ஏமாற்றுகிறார்" என்றாள். ருசி அபாரம். காஷ்மீரிலும் இமாசலத்திலும் இதையே 'குச்சி' என்ற பெயரில் பொறுக்கி, கிலோ பல ஆயிரத்துக்கு விற்கிறார்களே, அந்தக் கணக்கில் நீ எனக்கு ஒரு பவுன் அனுப்பியிருக்கிறாய்.

மோரல் விஷயத்தில் உன்மேல் எனக்குக் குறை இல்லை. பக்கத்து வீட்டு முதியவரோடு இரண்டு வசந்தம் வெறுங்கையோடு சுற்றிய பிறகுதான் தனியாகப் பறிக்கத் தொடங்கினாய். பட்டுப்போன எல்ம் மரத்தடி, பழைய ஆப்பிள் தோட்டம் என்று இடம் சொன்னாய். நெடுக்காகப் பிளந்தால் நுனியிலிருந்து அடி வரை ஒரே பொள்ளலாக இருக்க வேண்டும், உள்ளே பஞ்சோ அறைகளோ இருந்தால் அது பொய் மோரல் என்று நீ எழுதியதைப் படித்து, என் மாணவர்களில் ஒருவனாவது இப்படி எழுதினானா என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக வேகவைக்கிறாய் அல்லவா? உங்கள் நாட்டில் மொன்டானா மாநிலத்துப் போஸ்மேன் நகரில் 2023 வசந்தத்தில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 51 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தே போனார்கள். அவர்கள் தின்றது பொய் மோரல் அல்ல, சாட்சாத் மோரல். பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறியதில் வந்த வினை.

என் பயம் மோரல் அல்ல, கணேசா. போன வாரம் நீ அனுப்பினாயே, ஓக் மரத்தடியில் முட்டை மாதிரி இரண்டு வெள்ளைக் காளான், அந்தப் படம். கீழே "நெல்லிக்குப்பம் வைக்கோல் போர் ஞாபகம் வருகிறதா?" என்று ஒரு வரி. நம் ஊர் வைக்கோல் போரில் முளைக்கும் வைக்கோல் காளான் என்றே நினைத்துவிட்டாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்ல வந்தால், "வாத்தியாரே, பாடம் எடுக்காதே" என்று சிரித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் தாவிவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

பொன்னம்மா ஆயாவை நினைத்துப் பார். கேப்பர் மலை முந்திரித் தோப்பில் இடி இடித்த மறுநாள் விடியலில் புற்றுக்காளான் தேடிப் போகும்போது நம்மைப் பின்னால் வரவிடாமல் கல்லால் அடிப்பாளே. காளான் அகப்பட்ட அன்று அவள் எப்படி எடுத்தாள்? குடையைப் பிடித்து இழுக்கவே மாட்டாள். செம்மண்ணை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி விலக்கி, காம்புக்குக் கீழே வேர் மாதிரி நீளும் வெள்ளை வாலைத் தேடிப் போவாள். முழங்கை ஆழம்கூடப் போகும் அது. வால் புற்றுக்குள் போனால் மடியில் விழும், பாதியில் முடிந்தால் முந்திரிச் சருகில் விழும். அந்தக் காளானைக் கரையான்தான் பயிர் செய்கிறது, புற்றின் அறையில் சருகையும் கட்டையையும் மென்று பாத்தி கட்டி அதன்மேல் வளர்க்கிறது, அங்கிருந்துதான் இந்த வால் புறப்படுகிறது என்பதை நான் கல்லூரியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடம் போகாத ஆயா அந்த வாலைப் பிடித்துக்கொண்டே எழுபது வயதுவரை புற்றுக்காளான் தின்றாள். 2011இல் வந்த 'தானே' புயலில் தோப்பே சாய்ந்து நாம் எல்லோரும் தலையில் கை வைத்தபோது, "விழுந்த மரம் கரையானுக்கு, கரையான் காளானுக்கு" என்றாளே, நீகூடத் திட்டினாயே.

அந்த ஆயாவை நம் ஊரிலிருந்து பெயர்த்து மிச்சிகனில் விட்டால் என்ன செய்வாள்? ஒரு காளானைக்கூடத் தொடமாட்டாள். புற்று இல்லை, வால் இல்லை, அவளுக்குத் தெரிந்தது ஒன்றுமே அங்கே இல்லை. நீயோ மோரலுக்கு அந்த ஊர் முதியவரிடம் கைகட்டிப் பாடம் கேட்டாய், இந்த வெள்ளைக் காளானை அவரிடம் காட்டவே இல்லை. ஏன்? உனக்கு அது நம் ஊர்ச் சரக்கு. பார்த்தவுடன் உன் அம்மா வைத்த குழம்பு ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஞாபகம்தான் ஆபத்து. ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள் இதே வைக்கோல் காளான் என்று நினைத்து அமானிட்டா வகையைச் சமைத்து மாண்டிருக்கிறார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. ஊரில் பிறந்ததிலிருந்து காளான் பொறுக்கியவர்கள்.

நம் வைக்கோல் காளானுக்கு 30 டிகிரியை ஒட்டிய புழுக்கம் வேண்டும். நீ கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் அந்த ஓக் மரத்தடியில் அது எப்படி முளைக்கும்? அங்கே முளைப்பது வேறு. அழிவுத் தேவதை என்று அந்த ஊர்க்காரர்களே பெயர் வைத்திருக்கும் வெள்ளை அமானிட்டா ஓக் மரத்தின் வேரோடு உறவு வைத்து வாழ்வது. விரிந்த பிறகு பிரித்தறியலாம். நம்முடையதன் வித்துத் தூள் இளஞ்சிவப்பு, அமானிட்டாவின் தூள் வெள்ளை. அதன் காம்பில் பாவாடை போல ஒரு வளையமும் இருக்கும். ஆனால் நாம் எப்போது பறிப்போம்? விரியாத முட்டையாகத்தானே. அப்போது உதிர்க்கத் தூளும் இல்லை, பார்க்க வளையமும் இல்லை. நம்முடையதன் தோலில் சாம்பல் நிறம் இருக்கும் என்பாய். வெளிறியதும் உண்டு என்று உனக்கே தெரியும்.

செல்வராஜுக்கு உடனே வாந்தி வந்தது. அமானிட்டா அப்படி இல்லை. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது, சிலருக்கு ஒரு நாள்கூட. பிறகு பேதியும் வாந்தியும். அது அடங்கி, ஆள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பான், வீட்டில் எல்லோரும் சாமிக்கு நேர்ந்துகொண்டு தூங்கப் போவார்கள். அந்த நேரத்தில் கல்லீரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் போகாத நஞ்சு. ஒரு முழுக் காளான்கூடத் தேவையில்லை.

தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாய். நம்புகிறேன். அடுத்த ஐப்பசிக்கும் அதே ஓக் மரம் அங்கேதான் நிற்கும், உனக்கும் அதே நாக்குதான் இருக்கும். அந்த முதியவரிடம் படத்தைக் காட்டு. அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. போன் செயலியில் பெயர் வந்தது என்று மட்டும் சொல்லாதே. அதுவும் செல்வராஜின் அரைஞாண் கொடியும் எனக்கு ஒன்றுதான்.

கேப்பர் மலைப் பக்கம் போனேன். தோப்பில் பாதி மனைப்பிரிவாகிவிட்டது, கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். புற்றுகளைப் பொக்லைன் நிரவிவிட்டது. மஞ்சள் குங்குமம் பூசிய ஒன்றைத் தொட மட்டும் ஓட்டுநருக்குத் துணிவில்லை. விற்பவருக்கு அதில் கடுப்பு, மூலை மனை ஒன்று போகிறதாம். ஆயாவின் பேரன் அங்கேயே காவல் வேலை பார்க்கிறான். இந்த மழைக்கும் அந்தப் புற்றில் கொஞ்சம் வந்ததாம், யாருக்கும் சொல்லாமல் அவனே தின்றுவிட்டான். ரத்தம் அப்படி.

அடுத்த மே மாதம் மோரல் அனுப்புவதாக இருந்தால் மண்ணைத் தட்டிவிட்டு அனுப்பு. போன பொட்டலத்தில் பாதி மிச்சிகன் மணல். சரசு அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், நீ வரும்போது எடை போட்டுக் காட்டுவாளாம்.

உன்
வாத்தியார்

பி.கு.: இந்தக் கடிதத்தைச் செல்வராஜ் படித்தான். அரைஞாண் கொடி விஷயத்தை ஏன் எழுதினாய் என்று கோபம். வசந்திக்குப் படித்துக் காட்டக் கூடாதாம். கட்டாயம் காட்டு.