மைக்ரோகிரிட்டும் தகவல் தொடர்பின் தாமதமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓர் ஊருக்கோ வளாகத்துக்கோ தனித்தும் இயங்கி மின்சாரம் தரக்கூடிய சிறு மின்வலையமைப்புகளான மைக்ரோகிரிட்டுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை சூரியத் தகடுகளையும் பேட்டரிகளையும் தெளிவாக விளக்கியது. ஆனால், அவற்றை ஒருங்கே இயக்கும் தகவல் தொடர்பு வலையமைப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது, இத்துறையில் பணியாற்றும் எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

பெரிய மின் நிலையங்களில் சுழலும் டர்பைன்களின் நிலைமம், அதிர்வெண் சட்டென்று சரிந்துவிடாமல் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும். சூரியத் தகடு, பேட்டரி ஆகியவற்றின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர்களை நம்பியிருக்கும் மைக்ரோகிரிட்டில் அந்தத் தாங்கல் மிகக் குறைவு; அதனால் கட்டுப்பாட்டுச் செய்திகள் தாமதமின்றிச் சேர வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்று முடிய 20 மில்லி விநாடிதான் ஆகும். துணைமின் நிலையங்களுக்காக உருவான ஐ.இ.சி. 61850 தரநிலை, பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்வது போன்ற மிக அவசரச் செய்திகளுக்கு 3 மில்லி விநாடி அளவிலேயே வரம்பு வைத்திருக்கிறது.

ஒரு மைக்ரோகிரிட்டைச் சோதித்தபோது நான் கண்டதைச் சொல்லியாக வேண்டும். வலையமைப்பின் சராசரித் தாமதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கண்காணிப்புக் கேமராக்களின் காட்சிகளும் கட்டுப்பாட்டுச் செய்திகளும், முன்னுரிமை எதுவும் வகுக்கப்படாமல், ஒரே ஈதர்நெட் சுவிட்ச் வழியே சென்றுகொண்டிருந்தன. யாரோ கேமரா பதிவுகளைத் திறந்து பார்த்த நேரத்தில் அளவீடுகளும் கட்டளைகளும் வரிசையில் காத்துக் கிடந்தன. பழைய அளவீட்டை நம்பிக் கட்டுப்பாட்டுக் கருவி திருத்தம் செய்யச் செய்ய, இன்வெர்ட்டர்களின் உற்பத்தி ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடியது. கருவி எதிலும் பழுதில்லை. கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு முன்னுரிமை கொடுத்ததும் ஊசலாட்டம் அடங்கியது.

ஆகவே, ஒப்பந்தங்களில் சராசரி வேகத்தை மட்டும் எழுதுவது போதாது. நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது தாமதம் எவ்வளவு வரை போகலாம், எத்தனை செய்திகள் தொலையலாம் என்பதையும் எழுதி, மின்சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து காட்டும்படி கேட்க வேண்டும். ஒரே செய்தியை இரு தனிப் பாதைகளில் அனுப்பும் பி.ஆர்.பி. முறைக்குச் செலவு கூடும் என்றாலும், மருத்துவமனை போன்ற இடங்களில் அது வீண் செலவு அன்று.

எவ்வளவு கவனமாக அமைத்தாலும் இணைப்பு என்றாவது அறுபடத்தான் செய்யும். அப்போது ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் முனையில் அளப்பதை மட்டும் வைத்து, சுமை கூடும்போது அதிர்வெண்ணைச் சற்றே தாழவிடும் 'ட்ரூப்' முறையில் சுமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்; அதிர்வெண் 50-லிருந்து சற்று விலகி நின்றாலும் மின்சாரம் நிற்காது. எனவே, ஒரு மைக்ரோகிரிட்டைப் பொறுப்பேற்கும் நாளில், தொடர்பு கேபிளை அதிகாரிகள் தங்கள் கையாலேயே கழற்றிவிட்டு, விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின் கட்டுப்பாட்டுப் பொறியாளர் ஒருவர்