காற்றையும் அளந்துவிட்டுக் கொடியசையுங்கள்

சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவர் அவர்களுக்கும், நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கின் விதிகளை வகுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் இறுதிச் சனிக்கிழமையான 2022 பிப்ரவரி 19 அன்று, சாங்ஜியாகோ மலைப்பகுதியில் நடந்த ஆடவர் பந்தயம் குறித்தே இம்மடல். அட்டவணையில் 50 கிலோமீட்டராக இருந்து, அன்றைக்கே 30 ஆகக் குறைக்கப்பட்டு, பாதையில் 28.4 கிலோமீட்டராக முடிந்த அந்தப் பந்தயத்தில் என்ன நடந்தது என்பது தங்களுக்கு நன்றாகத் தெரியும். பலத்த காற்று, கடுங்குளிர், வீரர்களின் பாதுகாப்பு என்று தாங்கள் சொன்ன காரணங்கள் எதையும் நான் மறுக்கவில்லை. சுருக்கியது சரிதான். ஆனால் சுருக்க வேண்டிய நிலை ஏன் வந்தது, சுருக்கியதால் யார் காப்பாற்றப்பட்டார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று கருதுகிறேன்.

தங்கள் விதிப்புத்தகத்தில் குளிருக்கு ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. பாதையின் மிகக் குளிர்ந்த இடத்தில் வெப்பநிலை −20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பந்தயத்தைத் தள்ளிவைக்கவோ கைவிடவோ வேண்டும் என்பதே அது. காற்றுக்கு அப்படி ஓர் எண் இல்லை. பலத்த காற்று வீசினால் நடுவர் குழு அணியினரையும் மருத்துவரையும் கலந்து முடிவெடுக்கலாம் என்று மட்டும் இருக்கிறது. 'வேண்டும்' என்பது வெப்பமானிக்கு, 'லாம்' என்பது காற்றுக்கு. அன்று வெப்பமானி −20ஐத் தொடவில்லை. எனவே விதிப்படி பந்தயம் நடத்தத் தக்க நாள். ஆனால் தங்கள் நடுவர்களே அதை முழுத் தொலைவு ஓடத் தகாத நாள் என்று முடிவு செய்தார்கள். விதி சொன்னதும் நடுவர்களின் கண் சொன்னதும் வேறுவேறாக இருந்தன என்றால், திருத்த வேண்டியது விதியை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இப்போது பின்லாந்து வீரர் ரெமி லிண்ட்ஹோமிடம் வருகிறேன். அவர் 28ஆவதாக எல்லையைக் கடந்தார். பதக்கப் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அறியாத இடம் அது. பாதையில் அவர் இருந்த நேரம் ஒரு மணி பதினாறு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் அவருடைய ஆணுறுப்பு குளிரில் உறைந்திருந்தது. பந்தயம் முடிந்ததும் வெப்பப் பொட்டலத்தை வைத்துச் சூடேற்ற வேண்டியிருந்தது. உறைந்த சதை மீண்டும் சூடேறத் தொடங்கியபோது வந்த வலி பொறுக்கவே முடியாததாக இருந்தது என்று அவரே ஊடகங்களிடம் கூறினார். ஓடும்போது மரத்துப்போன இடத்தில் வலி தெரிவதில்லை. ஓடி முடித்து, கூடாரத்துக்குள் வந்து, எல்லாம் முடிந்தது என்று உட்காரும்போதுதான் ரத்தம் திரும்பி வருகிறது, வலியும் கூடவே வருகிறது. இது அவருக்கு முதல் முறையுமல்ல. இதற்கு முந்தைய ஆண்டு தம் சொந்த நாட்டில், ரூகாவில் நடந்த பந்தயத்திலும் இதே துன்பத்தை அவர் அனுபவித்திருக்கிறார்.

உலகம் இதற்குச் சிரித்தது. உறைந்தது விரலாகவோ காதாகவோ இருந்திருந்தால் பனிக்கடி என்று மரியாதையாக எழுதியிருப்பார்கள். எந்த உறுப்பு என்று தெரிந்ததும் உலகெங்கும் நாளேடுகளுக்கு அது வேடிக்கைச் செய்தியாகிவிட்டது. வெட்கத்தை விட்டு ஒரு மனிதர் தம் வலியைச் சொன்னால் அதைக் கேலியாக்குவது ஊடகங்களின் பிழை, அதைத் தங்கள் மீது சுமத்த மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பின் மறைவில் தங்களிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி காணாமல் போய்விட்டது என்பதுதான் என் வருத்தம். ஒன்றேகால் மணி நேரத்தில் இப்படி என்றால், 50 கிலோமீட்டருக்கு ஆகும் இரண்டு மணிக்கும் மேற்பட்ட நேரம் அவரை அப்படியே ஓட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பியோங்சாங் ஒலிம்பிக்கில் 2018இல் இதே தொலைவை வென்ற இவோ நிஸ்கானனுக்கு, பனித்தடத்தில் கால்களை இணையாக வைத்துச் செல்லும், சற்று மெதுவான கிளாசிக் முறையில், 2 மணி 8 நிமிடம் ஆனது. 28ஆவதாக வருகிறவருக்கு இன்னும் கூடுதலாகும்.

வெப்பமானி ஒரு கம்பத்தில் கட்டப்பட்டு அசையாமல் நிற்கிறது. வீரர் நிற்பதில்லை. அலெக்சாண்டர் போல்ஷுனோவ் 28.4 கிலோமீட்டரை 1 மணி 11 நிமிடம் 32.7 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். ஏறத்தாழ மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம். காற்றே வீசாத நாளிலும் அந்த வேகம் வீரரின் முகத்தில் காற்றாகத்தான் அறையும். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: −17 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று, தோலுக்கு −27 டிகிரிக்கும் கீழே தெரியும். எதிரிலிருந்து இன்னொரு 20 கிலோமீட்டர் வேகக் காற்று சேர்ந்தால் −30ஐத் தாண்டிவிடும். −28க்குக் கீழே திறந்த தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று கனடாவின் வானிலைத் துறை தன் மக்களை எச்சரிக்கிறது. வீரர்கள் அணிவதோ வியர்வை வெளியேறவும் வேகம் குறையாமலிருக்கவும் தைத்த மெல்லிய உடை. ஏற்றத்தில் வியர்த்து நனைந்த அதே துணியோடு இறக்கத்தில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறார்கள். இவையெல்லாம் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. தங்கள் விதிக்குத்தான் தெரியவில்லை.

பனிச்சறுக்கையும் துப்பாக்கி சுடுதலையும் சேர்த்த பயத்லானை நடத்தும் அமைப்பு, −15 டிகிரிக்குக் கீழே காற்றுக்குளிரையும் ஈரப்பதத்தையும் கட்டாயமாகக் கருத வேண்டும் என்று தன் விதியில் எழுதி வைத்திருக்கிறது. அதே பனி, அதே மலை, ஏறத்தாழ அதே உடை. தோளில் துப்பாக்கி இருந்தால்தான் காற்று குளிருமா என்று தெரியவில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர் அதிகம் என்று சொன்ன அதே நாளில், பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய பந்தயத்தை மூன்று மணிக்குத் தள்ளிவைத்தீர்கள். காற்று தணியும் என்று காத்திருந்திருப்பீர்கள். காற்று தணியவில்லை, பொழுதுதான் சாய்ந்தது. மறுநாள் மகளிர் 30 கிலோமீட்டர் பந்தயத்தைப் பிற்பகல் இரண்டரையிலிருந்து காலை பதினொரு மணிக்கு மாற்றினீர்கள். மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை முடிந்தது சனிக்கிழமை ஏன் முடியவில்லை? பிப்ரவரி 5 அன்று, பாதித் தொலைவை ஒரு முறையிலும் மீதியை இன்னொரு முறையிலும் ஓடும் ஸ்கியாத்லான் பந்தயத்தின் முடிவில் ஃப்ரிடா கார்ல்சன் நிற்க முடியாமல் தள்ளாடியதைக் கண்ட ஸ்வீடன் அணியினர், பந்தயங்களைப் பகலில் முன்னதாக நடத்துங்கள் என்று அப்போதே கேட்டார்களே. சாங்ஜியாகோவில் பிற்பகல் இரண்டு மணி என்பது ஒஸ்லோவிலும் ஸ்டாக்ஹோமிலும் காலை ஏழு மணி என்பதைக் கணக்கிட எனக்கும் தெரியும். காலைக் காப்பியோடு ஐரோப்பியர் பார்க்க வேண்டும் என்பதற்காக இந்த நேரம் குறிக்கப்பட்டதா என்ற ஐயத்தை, இல்லை என்று தாங்கள் சொன்னால் மனமார ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சொல்லுங்கள்.

குளிரைத் தாங்க முடியாதவர் இந்த விளையாட்டுக்கு ஏன் வருகிறார் என்று கேட்போரும் உண்டு. முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஷாமோனியில் 1924இல் தோர்லைஃப் ஹௌக் வென்ற நாள் முதல் ஒவ்வொரு குளிர்கால ஒலிம்பிக்கிலும் 50 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார்கள், இப்போதுள்ளவர்கள்தான் நலிந்துவிட்டார்கள் என்று அவர்கள் வாதிடுவார்கள். அந்தத் தொலைவின் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு, அது 28.4 ஆனதைக் கண்டு வருந்தியவர்களில் நானும் ஒருவன். நான்கு ஆண்டுகள் இரண்டு மணி நேர ஓட்டத்துக்காக உடலைப் பழக்கிய ஒருவரிடம், கடைசி நேரத்தில், பாதிதான் என்று சொல்வது சிறிய காரியமல்ல. ஆனால் தொலைவை வெட்டியதால் குளிர் குறையவில்லை. காலை நேரம், ஒதுக்கி வைத்த மாற்று நாள், எழுதி வைத்த காற்று வரம்பு ஆகிய மூன்றும் இருந்திருந்தால் 50 கிலோமீட்டரையும் காப்பாற்றியிருக்கலாம், வீரர்களையும் காப்பாற்றியிருக்கலாம். இந்த விளையாட்டில் உள்ளவர்களுக்கு ஆஸ்துமா மற்றவர்களைவிட மிகுதி என்பதும், வறண்ட குளிர்காற்றை ஆண்டுக்கணக்கில் ஆழமாக இழுத்து விடுவதே அதற்குப் பெருங்காரணம் என்பதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. அதைப் பேசத் தொடங்கினால் இம்மடல் முடியாது. பிறகொரு முறை எழுதுகிறேன்.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். காற்றுக்குளிரை ஓர் எண்ணாக, 'வேண்டும்' என்ற சொல்லோடு, விதிக்குள் எழுதுங்கள். அந்த எண் என்ன என்பதைத் தங்கள் மருத்துவக் குழுவும் வீரர்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். −25 என்றாலும் −27 என்றாலும் எனக்குச் சம்மதம், எழுதப்பட்டிருந்தால் போதும். அதைப் பாதையின் மிகக் குளிர்ந்த இடத்தில் மட்டுமல்லாமல், காற்று மிகுதியாக அடிக்கும் திறந்த மேட்டிலும் அளக்கச் செய்யுங்கள். அளந்ததைப் பந்தயத்துக்கு முன் எல்லா அணிகளுக்கும் அறிவியுங்கள். நெடுந்தொலைவுப் பந்தயங்களுக்கு மாற்று நாள் ஒன்றை அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். ஒலிம்பிக்கின் கடைசி வாரத்தில் வைத்துவிட்டு, இனி நாளில்லை என்று கைவிரிக்கும் நிலை மீண்டும் வர வேண்டாம்.

 அடுத்த குளிர்கால ஒலிம்பிக் வரட்டும் என்று ஒத்திப்போடாமல், வரும் பருவத்தின் முதல் உலகக் கோப்பைப் பந்தயத்துக்கு முன்பே இந்த விதி நடைமுறைக்கு வர வேண்டும் என்று வேண்டுகிறேன். லிண்ட்ஹோம் இருமுறை உறைந்ததில் ஒன்று பருவத்தின் தொடக்கத்தில், ரூகாவில் நடந்தது என்பதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கள் பதிலை எனக்குத் தனியாக அனுப்பத் தேவையில்லை. வீரர்கள் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கின் தமிழ் ரசிகன் ஒருவன்