வக்கீல் சிதம்பரம் பிள்ளையையும் நினைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் பிறந்த நாளான செப்டம்பர் 5 அன்று வ.உ.சிதம்பரனாரைப் பற்றி வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியில் தொடங்கி, கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு முன்னும் பின்னும் அவர் தாலுகா ஊர்களில் தொழில் நடத்திய வக்கீல் என்பது ஒரே வரியில் கடந்துபோய்விடுகிறது. வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்த வரியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

1894-இல் பிளீடர் தேர்வில் தேறிய அவர், மறு ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். தந்தை உலகநாத பிள்ளை அங்கே முன்பே பெயர்பெற்ற வக்கீல். வசதி படைத்தவர்கள் அவரை நாடினார்கள். மகனோ பீஸ் கொடுக்க வழியில்லாதவர்களுக்குப் பணம் வாங்காமலே வாதாடினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தந்தையின் கட்சிக்காரருக்கு எதிராகவே வக்காலத்துப் போட்ட வழக்குகளும் உண்டு.

இதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்று இருக்கிறது. மூன்று சப் மாஜிஸ்திரேட்டுகள் மீதான ஊழல் குற்றச்சாட்டுகளை அவர் நிரூபித்துக் காட்டினார். வருவாய்த் துறை அதிகாரியே மாஜிஸ்திரேட்டாகவும் அமர்ந்த காலம் அது; நிலவரி பாக்கிக்கும் அடிதடி வழக்குக்கும் விவசாயி ஒரே ஆளின் முன் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. பெரிய நகரத்து வக்கீலுக்கு ஒரு கோர்ட்டில் முகம் கோணினால் இன்னொரு கோர்ட் இருக்கிறது. சிற்றூர் வக்கீலுக்கு அந்த வசதி இல்லை. எந்த அதிகாரியைப் பகைத்துக்கொண்டாரோ, அவரிடமே மறுநாள் வாய்தா கேட்டாக வேண்டும். (இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்.) போலீசாரின் பகையும் சேர்ந்துகொண்டதால், 1900-இல் தந்தையே அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார்.

1908-இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய போதும் அவரிடம் நான் காண்பது அதே ஒட்டப்பிடாரத்து வக்கீலைத்தான். அதே ஆண்டு ராஜத்துரோக வழக்கில் விதிக்கப்பட்ட சிறைத் தண்டனை, வக்கீல் தொழில் நடத்துவதற்கான உரிமமான சனதையும் அவரிடமிருந்து பறித்தது. 1912 டிசம்பரில் விடுதலையான பின் பல ஆண்டுகள் கழித்து, நீதிபதி வாலஸ் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்றே பெயரிட்டார். பிறகு எங்கள் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் செய்தார். 1936-இல் அவர் எழுதிவைத்த உயிலில் கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய கடன்கள்கூடக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஏழைகளுக்கு இலவசமாக வாதாடிய வக்கீலின் கணக்கு வேறு எப்படி இருந்திருக்கும்!

என் வேண்டுகோள் ஒன்றுதான். நீதிமன்றங்களில் பழைய வழக்குக் கட்டுகள் காலக்கெடு கடந்தால் விதிப்படி அழிக்கப்படுகின்றன. ஒட்டப்பிடாரம், கோவில்பட்டி, தூத்துக்குடி நீதிமன்றங்களிலும் மாவட்டப் பதிவறைகளிலும் ஆவணக் காப்பகங்களிலும், அவர் வக்காலத்துப் போட்ட வழக்குகளின் தீர்ப்புகளோ மனுக்களோ எஞ்சியிருக்கின்றனவா என்று உயர் நீதிமன்றமும் தமிழக அரசும் முறையாகத் தேடச் செய்ய வேண்டும். கிடைப்பவற்றின் நகல்களை ஒட்டப்பிடாரத்தில் உள்ள அவரது நினைவு இல்லத்தில் வைக்கலாம். தங்கள் இதழ் இதை முன்னெடுத்தால், இந்தப் பகுதி வழக்கறிஞர் சங்கங்களும் கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
கோவில்பட்டி.