சோய் டாங்-வோனின் 1988-ஐயும் சுவரில் மாட்டுங்கள்

கொரிய பேஸ்பால் அமைப்பின் நிர்வாகிகளுக்கும், புசான் நகரின் கிஜாங் பகுதிக்கென்று திட்டமிடப்பட்ட பேஸ்பால் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அந்த அருங்காட்சியகத்துக்கு நீங்களும் புசான் மாநகரமும் கிஜாங் நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டது 2014-ல். அப்புறம் செலவை யார் ஏற்பது என்ற பேச்சிலேயே பல ஆண்டுகள் ஓடின. அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. அங்கே கட்டாயம் ஒரு பெரிய இடம் பெறப்போகிற மறைந்த பிட்ச்சர் (பந்து எறிபவர்) சோய் டாங்-வோனைப் பற்றித்தான் இந்த மடல். உங்கள் லீக் 40 ஆண்டுகளை நிறைவு செய்த 2022-ல் 40 மகத்தான வீரர்களைத் தேர்ந்தெடுத்தீர்கள். சுன் டாங்-யோல், லீ ஜோங்-பொம், லீ சுங்-யோப் ஆகியோரோடு முதல் நான்கு பேரில் அவரையும் வைத்தீர்கள். தகுதியான இடம்தான். ஆனால் அந்த இடத்தில் அவருடைய எந்தக் கதையைச் சொல்லப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

1984-ஐச் சொல்வீர்கள், சந்தேகமில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியாது. 100 ஆட்டங்கள் கொண்ட அந்த சீசனில் புசானின் லோட்டே ஜயன்ட்ஸ் அணிக்காக 284 இன்னிங்ஸுக்கு மேல் பந்து எறிந்தார் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்). 27 வெற்றி, 223 ஸ்டிரைக்அவுட் (பேட்ஸ்மேனைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுவது). அந்த 223 என்ற சாதனை 2021-ல் ஏரியல் மிராண்டா 225 எடுக்கும்வரை நின்றது. இதெல்லாம் முடிந்த கையோடு டேகு நகரின் சாம்சங் லயன்ஸுக்கு எதிரான கொரியன் சீரிஸ், அதாவது நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை தரும் இறுதித் தொடர். லோட்டேதான் சுலபமான எதிரி என்று கணக்குப் போட்ட சாம்சங், சீசன் கடைசியில் லோட்டேயிடம் வேண்டுமென்றே தோற்று அவர்களை இறுதிக்குள் இழுத்துவந்தது ஊரறிந்த அசிங்கம். அதற்குக் கிடைத்த பதில்தான் சோய்.

முதல் ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வென்றார். மூன்றாவதில் 12 ஸ்டிரைக்அவுட்டோடு வென்றார். ஐந்தாவதையும் முழுக்க அவரே எறிந்து 2-3 என்று தோற்றார். மறுநாளே ஆறாவது ஆட்டத்தின் நடுவில் இறங்கி ஐந்து இன்னிங்ஸ் எறிந்து வென்றார். ஏழாவது ஆட்டத்தை மழை ஒரு நாள் தள்ளிப்போட்டது. அவருக்குக் கிடைத்த ஓய்வு அவ்வளவுதான். அந்த ஆட்டத்தையும் முழுக்க எறிந்தார். எட்டாவது இன்னிங்ஸில் யூ டூ-யோல் அடித்த மூன்று ரன் ஹோம் ரன் 4-3 என்று பின்தங்கியிருந்த லோட்டேயை 6-4 என்று தூக்கிவிட்டது. செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 9 வரை பத்து நாளில் 40 இன்னிங்ஸ், நான்கு வெற்றி. அப்படியும் தொடரின் சிறந்த வீரர் விருது யூ டூ-யோலுக்குப் போனது! அந்த ஹோம் ரன்னை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனாலும் இன்றுவரை எனக்குப் புரியாத முடிவு அது.

1987 மே 16-ஐயும் விடமாட்டீர்கள். ஹைடாய் அணியின் பிட்ச்சர் சுன் டாங்-யோலும் அவரும் மோதி, 15 இன்னிங்ஸுக்குப் பிறகு 2-2 என்று யாரும் வெல்லாமல் முடிந்த ஆட்டம். சுன் 232 பந்து, சோய் 209. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இது ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஒரே நாளில் 35 ஓவர் போட்டதைப் போல. 'இரும்புக்கை' என்று கொரிய ரசிகர்கள் அவருக்குப் பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை. இரும்பும் தேயும் என்பதை அந்த நாளைய நிர்வாகங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எட்டே சீசன்கள், 103 வெற்றி, ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.46, 32 வயதில் ஓய்வு.

இனி நான் கேட்க வந்த விஷயம்.

1988-ல் ஹைடாய் அணியின் இளம் பிட்ச்சர் ஒருவர் சாலை விபத்தில் இறந்தார். அவர் குடும்பத்துக்குக் கைகொடுக்க லீக்கில் எந்த ஏற்பாடும் இல்லை. பயிற்சி வீரர்கள் என்ற பெயரில் சேர்க்கப்பட்டவர்கள் சொற்பச் சம்பளத்தில் காலம் தள்ளினார்கள். சோய்க்கு இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது. லீக்கில் அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் அவர் ஒருவர். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் லோட்டேயிலேயே கௌரவமாக ஓய்வு பெற்றிருப்பார். அவர் வீரர்களுக்கு ஒரு சங்கம் அமைக்கக் கிளம்பினார். அந்த செப்டம்பரில் டேஜான் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் கூடி அவரைத் தலைவராக்கினார்கள்.

அணி உரிமையாளர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்கள் கோப்புகளில் என்னைவிட நன்றாக இருக்கும். சங்கத்தை முன்னின்று நடத்துபவர்களோடு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடையாது என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. நவம்பரில் லோட்டே அவரை சாம்சங்குக்கு அனுப்பிவிட்டது. அந்தப் பரிமாற்றத்தில் புசானுக்கு வந்தவர் கிம் ஷி-ஜின், 1984-ல் சோய்க்கு எதிராக நின்ற அதே சாம்சங் பிட்ச்சர். டிசம்பரில் இன்னொரு பரிமாற்றம்: சாம்சங்கின் மகா பேட்ஸ்மேன் ஜாங் ஹ்யோ-ஜோ லோட்டேக்கு வந்தார். புசானில் பிறந்து, புசானில் பள்ளி ஆட்டம் ஆடி, புசானுக்கு முதல் கோப்பை வாங்கித் தந்தவரை எந்த ஊருக்கு எதிராக ஜெயித்தாரோ அந்த ஊருக்கே அனுப்பினார்கள். இதற்கு 'அணியைப் பலப்படுத்தும் பரிமாற்றம்' என்று பெயர் வைத்தால் யார் நம்புவார்கள்?

சாம்சங்கில் இரண்டு சீசன், பழைய சோய் திரும்பவே இல்லை. 1990-ல் நிறுத்திவிட்டார். 1991-ல் புசானில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று தோற்றார். பயிற்சியாளராக அவருக்கு வேலை கொடுத்தது ஹான்வா என்ற வேறொரு அணி. அவர்களின் இரண்டாம் நிலை அணிக்கு மேலாளராகவும் இருந்தார். லோட்டேயின் சீருடையில் அவர் திரும்பவேயில்லை. 2011 செப்டம்பர் 14 அன்று பெருங்குடல் புற்றுநோயில் 53 வயதில் இறந்தார். ஒரு வாரம் முன்னால்தான் ஜாங் ஹ்யோ-ஜோவும் போயிருந்தார். பதினாறு நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, லோட்டே அவருடைய 11-ஆம் எண்ணுக்கு நிரந்தர ஓய்வு கொடுத்து, அன்றைய ஆட்டத்துக்கு அவரை கௌரவ மேலாளராக அறிவித்தது. 2013-ல் லோட்டேயின் சாஜிக் மைதானத்தில் சிலையும் வந்தது. இதில் எதையும் உயிரோடு இருக்கும்போது செய்யக்கூடாது என்று சட்டமா இருந்தது?

2014 முதல் அவர் பெயரில் சிறந்த பிட்ச்சருக்கு விருது கொடுக்கப்படுகிறது. நல்லதுதான். அதற்கு எடுத்துக்கொள்ளும் கணக்கெல்லாம் வெற்றி, இன்னிங்ஸ், ஸ்டிரைக்அவுட். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எதற்காகத் தன் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார் என்பதற்கு அதில் இடமில்லை. அருங்காட்சியகமும் அப்படியே ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம். 2000-ல் சோங் ஜின்-வூ தலைமையில் சங்கம் கடைசியில் உருவானபோதும் அதே மிரட்டல்கள் வந்தன, இந்த முறை வீரர்கள் தாக்குப்பிடித்தார்கள். 2021-ல் உங்கள் லீக்கில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 3 கோடி வொன் ஆனது. அந்தப் பாதையின் முதல் அத்தியாயம் 1988. சங்கத்தின் வரலாற்றில் மட்டும் அது இருந்தால் போதாது, லீக்கின் வரலாற்றிலும் இருக்க வேண்டும். லீக்தானே அதை எதிர்த்தது.

ஆகவே 1984-இன் பந்துக்கும் கையுறைக்கும் பக்கத்தில் டேஜான் கூட்டத்தையும், உரிமையாளர்களின் அறிவிப்பையும், நவம்பர் பரிமாற்றத்தையும் தேதியோடு வையுங்கள். 'கருத்து வேறுபாடு' என்று பூசி மெழுகாமல், அணிகள் செய்ததை அணிகள் செய்தன என்றே எழுதுங்கள். அன்று அந்த அறையில் இருந்தவர்களில் பலர் இப்போது அறுபதுகளில் இருக்கிறார்கள். கட்டடத்துக்குக் காத்திருக்காமல் அவர்களைத் தேடிப் போய்ப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். அதற்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், கேட்கிற மனமும் இருந்தால் இந்த வாரமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
தூரத்திலிருந்து உங்கள் லீக்கைப் பின்தொடரும் ஒரு தமிழ் ரசிகன்