ஒரு ஸ்க்ரூ கழட்டினா முடியுற வேலைக்கு புது கன்சோல் எதுக்கு?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன வாரம் உங்க பேப்பர் கேள்வி பதில் பகுதியில ஒருத்தர் கேட்டிருந்தாரு, வீட்ல இருக்குற பிஎஸ் 4, அதான் டிவியில மாட்டி ஆடுற சோனி கேம் மெஷின், ரொம்ப ஸ்லோவாயிடுச்சு, எதைப் போட்டாலும் இடம் இல்ல இடம் இல்லன்னு சொல்லுது, என்ன பண்றதுன்னு. அதுக்கு பதில் எழுதுனவரு ரெண்டே வரியில, அது பழசாயிடுச்சு, வித்துட்டு பிஎஸ் 5 வாங்கிக்கங்கன்னு முடிச்சிட்டாரு. காலையில காபி குடிச்சிக்கிட்டே படிச்சேன், எனக்கு சுர்ருன்னு வந்துச்சு. ஐம்பதாயிரம் ரூபா சமாச்சாரம் சார் அது, வெண்டைக்காய் முத்திடுச்சு வேற வாங்குங்கன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டாரே.

நான் திருச்சியில வீட்லயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவ. கேம் ஆடவெல்லாம் எனக்குத் தெரியாது, அந்த ரிமோட்ட கையில குடுத்தா எந்த பட்டன் எதுக்குன்னு முழிப்பேன். ஆனா இதே பிரச்சனை எங்க வீட்லயும் வந்துச்சு, அதை நானும் எம்பொண்ணும் சேர்ந்து ஒரு ஞாயித்துக்கிழமையில சரி பண்ணோம். அதனால தான் இவ்ளோ நீளமா எழுதறேன், முழுசா போட இடம் இல்லன்னா பாதியையாவது போடுங்க.

எங்களோடது பிஎஸ் 4 ஸ்லிம், 500 ஜிபி. பையன் 2018ல முதல் சம்பளத்துல வாங்கினான், இப்ப அவன் பெங்களூருல இருக்கான், பொண்ணு தான் ஆடுவா. 500 ஜிபின்னு டப்பாவுல போட்டிருந்தாலும் நம்ம கைக்கு வர்றது நானூறு சொச்சம் தான், மிச்சத்தை அதுவே வச்சுக்குது. இப்ப வர்ற பெரிய கேம் ஒண்ணு நூறு ஜிபி சாப்பிடுது, அப்போ நாலு கேம் போட்டா வீடு ஃபுல்லு. அதுலயும் ஒரு கூத்து பாருங்க, முப்பது ஜிபிக்கு அப்டேட் வந்தா முப்பது ஜிபி இடம் இருந்தா பத்தாது, இந்த மெஷின் அப்டேட் போடும்போது பழைய கேமையும் சேர்த்து இன்னொரு காப்பி எடுத்து தான் வேலை செய்யும், அதுக்கு கேம் சைஸுக்கு மேலயே காலி இடம் கேக்கும். எம்பொண்ணு ஒரு கேமை அழிச்சு இன்னொண்ணை ஏத்தி, அப்புறம் அதை அழிச்சு இதை ஏத்தின்னு, எங்க வீட்டு இன்டர்நெட் மாச டேட்டா பத்தாம் தேதிக்கே தீர்ந்து போயிடும்.

பொங்கலுக்கு முன்னாடி அது இன்னும் மோசமாயிடுச்சு. ஆன் பண்ணா உள்ள டக் டக்னு சத்தம், கேம் நடுவுல அப்படியே நின்னுடும். பையன் போன்ல சேஃப் மோடுன்னு ஒண்ணு இருக்கு அதுக்குள்ள போய் அஞ்சாவதா இருக்குற ரீபில்ட் டேட்டாபேஸ் குடுங்கம்மான்னான், குடுத்தோம், ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. உங்களுக்கு கேள்வி அனுப்பினவருக்கும் சொல்றேன், முதல்ல இதை பண்ணிப் பாருங்க, கேமோ, எது வரைக்கும் ஆடினோம்னு பதிஞ்சு வச்சிருக்குற சேவோ, எதையும் அழிக்காது, பைசா செலவில்ல. எங்களுக்கு ரெண்டு வாரத்துல மறுபடி அதே டக் டக்.

தூக்கிக்கிட்டு ஒரு கடைக்குப் போனேன். கடைப் பேரெல்லாம் வேணாம். அங்க இருந்த தம்பி மூடியைக் கூட தொறக்கல, போர்டு போயிடுச்சுக்கா, இதெல்லாம் இப்ப யாரும் பாக்கறதில்ல, எக்ஸ்சேஞ்ச்ல ஆறாயிரம் தரேன்னுச்சு. இன்னொரு கடையில ஹார்டு டிஸ்க் தான் போயிருக்கு, மாத்த எட்டாயிரத்து ஐநூறு ஆகும், பழைய டிஸ்க் எங்களுக்கு, அதைத் திருப்பித் தர மாட்டோம்னாங்க. ஏன் தர மாட்டீங்கன்னேன், அது ரூல்ஸ்ம்மான்னாங்க. யாரு போட்ட ரூல்ஸ்? என் பையன் காசுல வாங்கின டிஸ்க்க நான் கேட்டா இல்லேங்கறதுக்கு என்ன ரூல்ஸ்? துணி தைக்கக் குடுத்தா வெட்டின மிச்சத் துணியைக் கூட நான் மடிச்சு திருப்பிக் குடுக்கறேன் சார்.

கோவத்துல வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். ராத்திரி பையன்கிட்ட சொன்னா சிரிக்கிறான். அம்மா அது ஒத்த ஸ்க்ரூ, சோனி கம்பெனியே எப்படி மாத்தறதுன்னு படம் போட்டு சொல்லியிருக்கான், நீங்களே பண்ணலாம்ங்கறான். நம்பல நான். அப்புறம் பொண்ணு சோனியோட சப்போர்ட் பக்கத்தைக் காட்டினா, நிஜமாவே இருக்கு. பிஎஸ் 3 வந்தது 2006ல, அப்பவே ஹார்டு டிஸ்க்க வாங்கினவங்களே மாத்திக்கலாம்னு தான் செஞ்சு குடுத்தாங்களாம், பிஎஸ் 4 2013ல வந்தப்பவும் அப்படியே. நல்ல மனசு தான். பிஎஸ் 3 காலத்துல இருந்த மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் 360ல கம்பெனியோட டப்பாவுக்குள்ள அடைச்ச டிஸ்க்க தான் மாட்டணும், அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்ல மாத்தணும்னா முழுசா பிரிச்சு எடுக்கணும்னு பையன் சொன்னான்.

சரி, பண்ணதைச் சொல்றேன். ஸ்லிம்ல பின்பக்க மூலையில ஒரு சின்ன மூடி, நகத்தால தள்ளினாலே வந்துடும். முதல்ல வந்த மாடலா இருந்தா மேல பளபளன்னு இருக்குற பக்கத்தை தள்ளினா வரும். உள்ள ஒரு ஸ்க்ரூ, அது தலையில முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் நாலும் அச்சடிச்சிருக்கும், பார்க்க அழகா இருக்கும். அதைக் கழட்டினா டிஸ்க் ஒரு தகரத் தட்டோட வெளிய இழுக்க வரும். தட்டுல நாலு குட்டி ஸ்க்ரூ. அவ்ளோ தான் சார், போர்டைத் தொடவே வேணாம், வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்குற ஸ்க்ரூ வேற, அது பக்கமே போகல. ஒரே ஒரு விஷயம், சரியான சைஸ் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வேணும். எங்கிட்ட தையல் மெஷினுக்கு வச்சிருக்குறது எல்லாம் மைனஸ், அதை வச்சு திருகப் பாத்தேன், ஸ்க்ரூ தலை மழுங்கப் பாத்துச்சு, பொண்ணு கத்தினா. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட வாங்கி நல்லா அழுத்திப் புடிச்சு திருப்பினதும் வந்துடுச்சு.

டிஸ்க் எது வேணும்னா லேப்டாப்ல போடுற ரெண்டரை இஞ்ச் டிஸ்க், சாட்டாங்கற முனை வச்சது. தடிமன் 9.5 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா உள்ள போகாது. இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க, மூணு டிபி நாலு டிபின்னு (ஒரு டிபின்னா ஆயிரம் ஜிபி) வர்ற ரெண்டரை இஞ்ச் ஹார்டு டிஸ்க் எல்லாம் 15 மில்லிமீட்டர், ஹார்டு டிஸ்க்கா இருந்தா ரெண்டு டிபிக்கு மேல ஆசைப்பட வேணாம். வீட்ல இருக்குற போர்ட்டபிள் டிஸ்க்க உடைச்சு உள்ள இருக்குறதை எடுத்து போடலாம்னு ஐடியா பண்றவங்களும் இருக்காங்க, சில மாடல்ல உள்ள சாட்டா முனையே இருக்காது, யூஎஸ்பி நேரா போர்டுலயே இருக்கும், உடைச்சது தான் மிச்சமாகும். நாங்க 1 டிபி எஸ்எஸ்டி, அதான் உள்ள எதுவும் சுத்தாத வேகமான டிஸ்க், வாங்கினோம், ஐயாயிரத்து இருநூறு.

பழைய டிஸ்க்ல உயிர் இருக்கும்போதே கேம் சேவை எல்லாம் காப்பி எடுத்துடணும், எல்லாத்தையும் விட முக்கியம் இது தான். கேம் போனா போவட்டும், சிடி இருந்தா மறுபடி போட்டுக்கலாம், சேவ் போனா போனது தான். என் பையன் காலேஜ் சேந்ததுலேர்ந்து ஆடி வச்சதெல்லாம் பழைய பிஎஸ் 3லயே போச்சு, அப்ப ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தான். இந்த தடவை செட்டிங்ஸ்க்குள்ள போய் பென் டிரைவ்ல காப்பி எடுத்தோம். கேம்ல ஒண்ணொண்ணு முடிச்சா ட்ரோஃபின்னு ஒண்ணு வாங்குவாங்களே, அதை முதல்லயே நெட்டுக்கு சிங்க் பண்ணிடணும். கழட்டின டிஸ்க்க அப்புறமா கம்ப்யூட்டர்ல மாட்டி எடுத்துக்கலாம்னு நெனச்சீங்கன்னா நடக்காது, பூட்டு போட்ட மாதிரி எழுதி வச்சிருக்கும், வேற எதுலயும் படிக்க வராது.

எங்களுக்கு அரை நாள் போனது ஸ்க்ரூவுல இல்ல, பென் டிரைவ்ல. புது டிஸ்க்ல ஒண்ணுமே இருக்காது இல்லையா, அதுக்கு சிஸ்டம் சாஃப்ட்வேரை சோனி சைட்லேர்ந்து எடுத்து பென் டிரைவ்ல போட்டு குடுக்கணும். அங்க ரெண்டு ஃபைல் இருக்கும், ஒண்ணு சும்மா அப்டேட், இன்னொண்ணு ரீஇன்ஸ்டால் ஃபைல், ஒரு ஜிபி பக்கம் இருக்கும் அது. நாங்க சின்னதா இருக்கேன்னு முதல்ல இருந்ததை எடுத்தோம், மெஷின் முடியாதுன்னுடுச்சு. பெரியதை எடுத்தோம், அப்பவும் ஃபைல் இல்லங்குது. அப்புறம் தான் தெரிஞ்சுது, பென் டிரைவ் ஃபேட் 32ங்கற ஃபார்மேட்ல இருக்கணும், எங்களோடது 64 ஜிபி, விண்டோஸ்ல 32 ஜிபிக்கு மேல போனா ஃபேட் 32ங்கற சாய்ஸே காட்ட மாட்டேங்குது. பக்கத்து வீட்டு பையனோட பழைய 8 ஜிபி பென் டிரைவ் தான் கடைசியில காப்பாத்துச்சு. அதுக்குள்ள பிஎஸ் 4னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள அப்டேட்னு ஒரு ஃபோல்டர், ரெண்டும் இங்கிலீஷ் பெரிய எழுத்துல, அதுக்குள்ள ஃபைல். ஒரு எழுத்து மாறினாலும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி நடிக்கும்.

அப்புறம் பவர் பட்டனை விடாம புடிச்சிக்கணும், ஒரு பீப் வரும், ஏழு செகண்டுல இன்னொரு பீப் வரும், அப்ப விடணும். சேஃப் மோடு வரும். ரிமோட்டை ஒயர் போட்டு தான் மாட்டணும், ஒயர் இல்லாம அங்க வேலை செய்யாது. நாங்க மாட்டின ஒயர் போன் சார்ஜருக்குன்னு வாங்கினது, சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாது. ரிமோட்ல லைட் எரியுது, ஆனா ஒரு பட்டனும் நகரல, ஐயோ கெடுத்துட்டோம்டின்னு எனக்கு கை நடுங்கிடுச்சு. ஒயர் மாத்தினதும் சரியாச்சு. கடைசியா இருக்குற ஏழாவது ஆப்ஷன், ரீஇன்ஸ்டால், அதைக் குடுத்துட்டு கறிக்குழம்பு இறக்கி வச்சிட்டு வந்தேன், முடிஞ்சிருந்துச்சு.

இப்ப எப்படி இருக்குன்னா, முன்னாடி அவ கேம் போட்டுட்டு லோடு ஆகுறதுக்குள்ள நான் ஒரு ஜாக்கெட்டுக்கு கை ஓரம் அடிச்சிடுவேன், இப்ப ஊசியில நூல் கோக்குறதுக்குள்ள வந்துடுது. ஆனா பொய் சொல்லக்கூடாது, கேம்ல படம் ஒண்ணும் புதுசா பளிச்சுன்னு ஆயிடாது, அது பழைய மெஷின் தான், எஸ்எஸ்டியோட முழு வேகமும் இதுல வராது. டிஸ்க் நல்லா இருக்கு, இடம் மட்டும் பத்தலன்னா கழட்டவே வேணாம், 2017 மார்ச்ல வந்த அப்டேட்லேர்ந்து வெளிய யூஎஸ்பி 3 டிஸ்க் மாட்டினாலே கேமை அதுல போட்டுக்கலாம், 250 ஜிபியிலேர்ந்து 8 டிபி வரைக்கும் எடுத்துக்கும். சேவ் மட்டும் உள்ள தான் இருக்கும். உங்க பதில்காரர் இந்த ஒரு வரியை எழுதியிருந்தாலே அந்த மனுஷனுக்கு அம்பதாயிரம் மிச்சம்.

இன்னொண்ணும் சொல்லணும். அவரு வாங்கச் சொன்ன பிஎஸ் 5ல கம்பெனி குடுக்குற டிஸ்க் போர்டுலயே ஒட்டி வருது, நாம கழட்ட முடியாது. கூடுதலா ஒண்ணு மாட்ட இடம் குடுத்திருக்காங்க, அதுவும் மெஷின் வந்து பத்து மாசம் கழிச்சு 2021 செப்டம்பர்ல தான் தொறந்து விட்டாங்க. மாட்டுற டிஸ்க் சூடு ஆகாம இருக்க ஹீட் சிங்க் வேற வேணும். அப்போ ஒட்டி வர்றது போனா என்ன பண்றதுன்னு பையன்கிட்ட கேட்டேன், போர்டு தான்மா பாக்கணும்னான். அந்தக் கடைத்தம்பி சொன்ன பொய்யி அப்ப உண்மையாயிடும்.

தொறந்தாலே வாரண்டி போச்சுன்னு கடைக்காரங்க மிரட்டுறது இங்க மட்டும் இல்ல போல. அமெரிக்காவுல 2018ல எஃப்டிசிங்கற அரசாங்க அமைப்பு, வேற பார்ட் போட்டா, ஸ்டிக்கர் பிரிஞ்சா வாரண்டி போச்சுன்னு பயமுறுத்தாதீங்கன்னு ஆறு கம்பெனிக்கு லெட்டர் போட்டுச்சு, கேம் கன்சோல் செய்யற மூணு பெரிய கம்பெனியும் அதுல உண்டு. நம்ம நாட்டுலயும் 2022 டிசம்பர்ல ரிப்பேர் பண்ற உரிமைன்னு மத்திய அரசு ஒரு போர்ட்டல் தொறந்தாங்க, எலக்ட்ரானிக்ஸும் அதுல வருது. 1915க்கு போன் பண்ணா நுகர்வோர் குறை கேக்குறாங்க. நான் அந்தக் கடை மேல புகார் எதுவும் குடுக்கல, ஆனா பழைய பார்ட்டைத் திருப்பிக் கேக்குறது நம்ம பாத்தியதைன்னு உங்க பேப்பர்ல ஒரு தடவை பெருசா போடுங்க சார். அடுத்த தடவை யாராவது எழுதிக் கேட்டா முதல்ல ரிப்பேரைச் சொல்லுங்க, அதுக்கப்புறம் புதுசைச் சொல்லுங்க.

பழைய டிஸ்க் இப்ப என் மெஷின் டிராயர்ல பாபின் டப்பா பக்கத்துல கிடக்கு. பையன் தீபாவளிக்கு வர்றப்ப பாக்கறேன்னிருக்கான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி