இரைச்சலை ஏன் முழுசாக எடுப்பதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

பழைய இசைத்தட்டுகளை எங்களிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி வாங்கிப்போகிற எல்லோருக்கும் இந்த மடல். கட்டணம் பற்றி நாலு வரி எழுதி அனுப்பலாம் என்றுதான் இருந்தோம். அதற்குள் ஒரு வாட்ஸ்அப் செய்தி ரசிகர் குழுக்களில் சுற்ற ஆரம்பித்து, உங்களில் பலரே அதை எங்களுக்கு அனுப்பி "இது உண்மையா சார்?" என்று கேட்டுவிட்டீர்கள். அதனால் அதை முதலில் பேசிவிடுகிறோம்.

ஒருவர் எங்களிடம் ஒரு எல்.பி. (நீண்ட நேரம் ஓடுகிற வினைல் தட்டு) கொடுத்தார். நாங்கள் கோப்பு கொடுத்தோம். அவர் அதை வீட்டில் ஒரு செயலியில் போட்டு இரைச்சலை எல்லாம் துடைத்து, எங்களுடையதையும் தன்னுடையதையும் அடுத்தடுத்து வைத்து, "ஒரு நிமிட வேலை, இதைச் செய்யாமல் காசு வாங்குகிறார்கள், சோம்பேறித்தனம்" என்று எழுதியிருக்கிறார். அவர் மேல் வருத்தம் இல்லை, தட்டு அவருடையது, அதை என்ன செய்யவும் அவருக்கு உரிமை உண்டு. அந்தச் சோம்பேறித்தனம் என்கிற சொல்தான் உறுத்துகிறது, ஏனென்றால் துடைப்பதுதான் சுலபம். துடைக்காமல் விடுவதற்குத்தான் நாங்கள் மெனக்கெடுகிறோம்.

அந்த இரண்டு துண்டுகளையும் போன் ஸ்பீக்கரில் கேட்டால் அவருடையது பளிச்சென்றுதான் இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஆலாபனையில் பாடகர் மூச்சு எடுக்க நிறுத்துகிற இடத்தில் தம்புரா இருக்காது. அடுத்த சங்கதி ஆரம்பித்ததும் அதுவும் குரலோடு சேர்ந்து எட்டிப் பார்க்கும், குரல் நின்றதும் மறுபடி மறைந்துவிடும். இந்தச் செயலிகள் பலவற்றுக்கும் கணக்கு ஒன்றுதான்: ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஒலிப்பது இரைச்சல், மாறிக்கொண்டே இருப்பது பாட்டு. நம் சங்கீதத்தில் ஒரே சீராக ஒலிப்பதற்கென்றே தம்புரா என்று ஒரு வாத்தியத்தை வைத்திருக்கிறோம். அதுவும் எல்.பி.யில் அது பின்னால் மெல்லியதாக, ஊசி ஓடுகிற உஸ் என்ற சத்தத்தோடு சத்தமாகத்தான் இருக்கும். ஒன்றை அழுத்தித் தேய்த்தால் மற்றதும் போகும். சடசடப்பை எடுக்கிற கருவியைக் கூட்டி வைத்தாலும் இதே கதைதான், மிருதங்கத்தின் சாப்பையும் கஞ்சிராவின் அடியையும் கீறல் என்று நினைத்து மழுக்கிவிடும். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கிற தனி ஆவர்த்தனத்தை அப்படிக் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

இரைச்சலில் பெரும்பகுதி கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்னாலேயே போக வேண்டும் என்பது எங்கள் கொள்கை. முதலில் கழுவுவது. வினைல் தட்டையும் அரக்குத் தட்டையும் ஒரே மாதிரி கழுவக் கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய தட்டுகளான 78-களில் இருப்பது நிஜமான அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். (தயவுசெய்து சானிடைசர் போட்டுத் துடைத்துக் கொண்டுவராதீர்கள். தூசியோடு அப்படியே கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.) அப்புறம் ஊசி. எல்.பி.க்கு சுமார் 18 மைக்ரான் முனை, 78-க்கு ஏறத்தாழ 75 மைக்ரான். எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அங்கே படிந்த அழுக்கைத்தான் பாடும். அப்புறம் வேகம். 78 என்று பேர் இருந்தாலும், அந்தக் காலத்தில் எல்லாத் தட்டையும் சரியாக 78 சுற்றில் பதியவில்லை. 6 சதவீதம் பிசகினால் சுருதி அரைக் கட்டை மாறிவிடும், 5 கட்டையில் பாடியவர் ஐந்தரையில் பாடுவார், குரலே வேறு ஆளுடையது போல ஆகிவிடும். அதே பாடகரின் மற்ற தட்டுகளோடு ஒத்துப்பார்த்துத்தான் வேகத்தை முடிவு செய்கிறோம்.

இவ்வளவும் முடிந்து 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்கிற உயர்ந்த தரத்தில் உங்களுக்கு ஒரு மூலக் கோப்பு தருகிறோம். அதில் கை வைக்க மாட்டோம். நாளைக்கு இதைவிடப் புத்திசாலியான செயலி வரும், வரட்டும். அன்றைக்குத் தம்புரா இருக்கிற கோப்பு கையில் இருந்தால்தான் அதில் போட்டுப் பார்க்க முடியும். காரில் கேட்க, அப்பாவுக்குப் போட்டுக்காட்ட என்று சுத்தமான பிரதி வேண்டுமென்றால் சொல்லுங்கள், லேசாகத் துடைத்த இன்னொன்றையும் தருகிறோம், அதற்குத் தனிக் காசு கிடையாது. இது முன்பும் இருந்ததுதான். கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம்.

பகிர்வது பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை. 1933-இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா தன் காலத்தில் வெளியிட்ட தட்டுகளுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது, தட்டின் சொந்தக்காரர் சம்மதித்தால் தாராளமாகப் பகிர்கிறோம். ஆனால் சாகித்யத்துக்கு, அதாவது இயற்றிய பாடலுக்கு, தனி உரிமை உண்டு. தியாகராஜர் கிருதி என்றால் பிரச்சினை இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல், அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது, தட்டு எவ்வளவு பழசானாலும். "பழைய ரெக்கார்டுதானே, குரூப்பில் போடுங்களேன்" என்று கேட்கும்போது நாங்கள் தயங்குவது இதனால்தான். பிகு செய்துகொள்வதாக நினைக்க வேண்டாம்.

எங்களோடு இருந்து, சுத்தமான பிரதிக்காகச் சடசடப்புகளை அலைவரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தேடிக் கையால் எடுத்துக்கொண்டிருந்த தம்பி, பெங்களூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். சந்தோஷமாகத்தான் அனுப்பிவைத்தோம். அந்தக் காதுக்கு இன்னொரு ஆள் சட்டென்று கிடைக்காது. இறக்குமதி ஊசிகளின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது, அரக்குத் தட்டு ஊசியைச் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் தை மாதத்திலிருந்து எல்.பி.க்கு 450 ரூபாய், 78-க்கு 300 ரூபாய், கையால் செய்கிற வேலை இப்போதைக்கு எல்.பி.க்கு மட்டும், கோப்பு கைக்கு வர மூன்று மாதம் ஆகலாம்.

உங்களில் சிலருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் அப்பா வாங்கியது என்று ஒரு மாமி டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவில் கொண்டுவந்தார். ஒவ்வொரு உறையிலும் ராகம், தாளம், வாங்கிய தேதி எல்லாம் பென்சிலில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. லேபிள் உரிந்துபோன தட்டுகளை அந்தப் பென்சில் குறிப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். "இதை நாலு பேர் கேட்கட்டும்" என்று அவரே சொன்னார். இப்படிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். குழுக்களில் எங்களுக்காகப் பதில் எழுதியவர்களையும் மறக்க மாட்டோம். ஆனால் அந்த நண்பரோடு சண்டை வேண்டாம். கடைக்கு வரச் சொல்லுங்கள், அவருடைய எல்.பி.யையே நல்ல ஹெட்போனில் இரண்டு விதமாகவும் போட்டுக்காட்டுகிறோம்.

ஏற்கெனவே தட்டு கொடுத்திருப்பவர்களுக்குப் பழைய கட்டணம்தான். வாங்க வரும்போது ரசீதும், படுக்க வைக்காமல் நிறுத்தி எடுத்துப்போக ஒரு பெட்டியும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து