கோவையிலிருந்து மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஊருக்குப் போயிருந்தேன், அதனால்தான் பதில் எழுதத் தாமதம். சென்னிமலைப் பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போகிறது. உங்க ஐயனையும் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மஞ்சள் காட்டில்தான் நின்றிருந்தார். தீபாவளிக்காவது நீ வருவாயா என்று கேட்டார். வந்துவிடு.

சரி, நீ கேட்ட விஷயம். டேட்டாவையும் ஏஐ மாடல்களையும் வைத்து வேலை செய்கிற உங்கள் டேட்டாபிரிக்ஸ் தளத்தில் தேங்கிக் கிடக்கிற பழைய மாடல்களை ஸ்கிரிப்ட் எழுதி ஏபிஐ (புரோகிராமிலிருந்தே கட்டளை அனுப்புகிற வழி) வழியாக ஒரே நாளில் அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அழிக்கிற வேலை மிகச் சுலபம். மாடல்களைப் பதிந்து வைத்து உரிமைகளைப் பார்த்துக்கொள்கிற யூனிட்டி கேட்டலாகில், கேட்டலாக், அதற்குள் ஸ்கீமா, அதற்குள் மாடல் ஆகிய மூன்று பெயரையும் புள்ளி வைத்துச் சேர்த்து ஒரு டெலீட் ரிக்வெஸ்ட் அனுப்பினால் போதும். நீ அந்த மாடலின் ஓனராக இருந்து, மேலே உள்ள கேட்டலாகையும் ஸ்கீமாவையும் பயன்படுத்தும் உரிமையும் இருந்தால் அது நடந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலே இருந்து நிர்வகிக்கிற மெட்டாஸ்டோர் அட்மினாலும் முடியும். ஆனால் மாடலோடு அதன் எல்லா வெர்ஷனும் சேர்ந்து போய்விடும்.

யூனிட்டி கேட்டலாகுக்கு முன்னால் மாடல்களைப் பதிந்து வைத்திருந்த பழைய வொர்க்ஸ்பேஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரு காவல் இருந்தது, நினைவிருக்கிறதா? ஏதாவது ஒரு வெர்ஷன் சோதனைக் கட்டமான ஸ்டேஜிங்கிலோ நேரடிப் பயன்பாட்டுக் கட்டமான புரொடக்‌ஷனிலோ இருந்தால் மாடலை அழிக்க விடாது. யூனிட்டி கேட்டலாகில் ஸ்டேஜே கிடையாது, ஒரு வெர்ஷனைச் சுட்டிக்காட்டுகிற மாற்றுப்பெயரான அலயஸ்தான். 'சாம்பியன்' என்று பெயர் வைத்திருந்தாலும் அது வெறும் பெயர், காவல் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். திருப்பூர் நிட்டிங் யூனிட்டுகளுக்காக, துணியின் கேமரா படத்தில் ஓட்டை, எண்ணெய்க் கறை, நீடில் லைன் (ஊசிப் பிசகால் துணியில் விழுகிற நீளக் கோடு) எல்லாம் கண்டுபிடிக்கிற மாடல் ஒன்று வைத்திருந்தோம். புதியது வந்ததும் பழையதை அழித்தேன். மற்ற மென்பொருள்கள் நேரடியாகக் கூப்பிடுகிற எண்ட்பாயிண்ட் எதுவும் அதற்கு இல்லை, அதனால் யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்துவிட்டேன். ஒரு யூனிட்டின் ராத்திரியில் தானாக ஓடுகிற ஜாப் மட்டும் அலயஸ் வழியாக அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு அங்கிருந்த சூப்பர்வைசர் போன் செய்தார். "ஏனுங்க, நைட்டு ஓடுன ரோல் எதையுமே பார்க்கலைங்களா?" கோபமே இல்லாத அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குள் சில ரோல்கள் சாயத்துக்குப் போயிருந்தன. சாயம் ஏறிய பிறகு தெரிகிற நீடில் லைனை யாராலும் எடுக்க முடியாது.

மாடலைப் பயிற்றுவித்தபோது பதிவான எம்எல்ஃப்ளோ ரன் அழியாமல் இருந்ததால் பிழைத்தோம். அதிலிருந்து மாடலை மறுபடி ரெஜிஸ்டர் செய்து அலயஸை வைத்தோம், மதியத்துக்குள் ஜாப் ஓடியது. ஆனால் எந்த வெர்ஷனை எதற்காக மாற்றினோம் என்று நாங்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் போய்விட்டன. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் மடை மாற்றுவதற்கு முன்னால், கீழ்க்காட்டுக்காரருக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்ததா என்று வரப்போடு நடந்து போய்க் கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார். அதைத்தான் இப்போது நாங்கள் செய்கிறோம். முதலில், நடந்ததெல்லாம் பதிவாகிற ஆடிட் டேபிளில், யார் அந்த மாடலையோ அதன் அலயஸையோ எடுத்தார்கள் என்று பார்ப்போம். மூன்று மாதமாவது பின்னால் போய்ப் பார், மாசக் கடைசியில் மட்டும் ஓடுகிற ஜாப்புகள் உண்டு. அப்புறம் மாடலை அழிக்காமல், மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிற எக்ஸிக்யூட் உரிமையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வோம். அது இல்லாமல் மாடலை லோட் செய்ய முடியாது. ஏதாவது ஜாப் நின்றால் ஒரு நிமிடத்தில் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒன்று கவனி, ஓனரின் பெயரில் ஓடுகிற ஜாப் இதில் நிற்காது. அவற்றைத் தனியாகத் தேடு. எங்கள் ராத்திரி ஜாப்பும் அப்படித்தான் ஓனர் குரூப்பில் இருந்த ஒரு கணக்கின் பெயரில் ஓடியது.

இரண்டு வாரம் யாரும் கூப்பிடவில்லை என்றால் டெலீட் அனுப்பு. ஒரே நாளில் வேண்டாம் மாப்ள, ஒரு ஸ்கீமாவாக எடுத்துக்கொள். ஸ்கிரிப்டை எழுதியதும் ஓட்டுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அம்மா உன்னைக் கேட்டது. தீபாவளிக்கு வந்தால் கச்சாயம் சுட்டுத் தருகிறேன் என்று சொல்லச் சொன்னது.

அன்புடன்,
உன் மச்சான்